மாரித் தண்ணீரில் நிற்கும் என்ஜின்: வியாபாரி பார்க்க வேண்டிய கணக்கு

மாரி மழை பலத்து, கிட்டங்கித் தாம்போதியின் மேலால் தண்ணீர் ஏறிவிட்டால் கல்முனைக்கும் சவளக்கடைக்கும் இடையில் ஒரே பொருளுக்கு இரண்டு விலைகள் உண்டாகிவிடும். ஒன்று இக்கரை விலை, மற்றது அக்கரை விலை. கல்முனைக் கடையில் ஏற்றிய சீனி மூடையும் பசளை மூடையும் சம்மாந்துறைப் பக்கமாகச் சுற்றிப் போய்ச் சேரும்போது லொறிக்கூலியும் நேரமும் சேர்ந்து இலாபத்தைத் தின்றுவிடும். அந்தப் பாதையிலும் வெள்ளம் ஏறிவிட்டால் சுற்றிப் போகவும் வழியிருக்காது. அப்படியான நாட்களில் ஒரு பைபர் படகும் அதன் பின்னால் பூட்டிய அவுட்போர்ட் என்ஜினும்தான் கடையின் கதவைத் திறந்து வைத்திருக்கும்.

மாரிக்காலத்தில் சவளக்கடைப் பக்கம் படகு வைத்துச் சாமான் கடத்தும் வியாபாரிகளில் நானும் ஒருவன். நம்மில் பலர் மண்ணெண்ணெய்ச் செலவை எழுதுகிறோம், படகுக்காரரின் கூலியை எழுதுகிறோம். என்ஜின் பராமரிப்பு என்ற ஒரு வரி நம்முடைய கொப்பியில் இருப்பதில்லை. என்ஜின் நின்ற பிறகுதான் அந்தச் செலவு நினைவுக்கு வருகிறது, அதுவும் பெரிய தொகையாக. 2022ஆம் ஆண்டுக்கு முன்னர் இதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் அந்த ஆண்டின் மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டிய பின்னர், வெளிநாட்டிலிருந்து வரும் உதிரிப்பாகம் ஒவ்வொன்றும் நம் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. ஆகவே பராமரிப்பு என்பது இன்று முதலைக் காப்பாற்றும் வேலை. அந்த நோக்கில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உப்பு இல்லை என்ற துணிவு

கடல் தண்ணீர்தான் என்ஜினைத் தின்னும், நல்ல தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். இதில் பாதி உண்மை. உப்புப் படியாது, இரும்பு விரைவாகத் துருப்பிடிக்காது என்பது சரி. ஆனால் நல்ல தண்ணீருக்கென்று வேறு நோய்கள் உண்டு. கடலுக்கென்று தயார் செய்த என்ஜினை அப்படியே கொண்டு வந்து வெள்ளத் தண்ணீரில் இறக்குவதால் அவை கூடுகின்றன.

முதலாவது, என்ஜினின் அடிப்பாகத்தில் பூட்டியிருக்கும் அனோட் என்ற உலோகக் கட்டி. தண்ணீரில் அரிப்பு ஏற்படும்போது என்ஜினின் அலுமினிய உடம்புக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்காகவே அது வைக்கப்பட்டுள்ளது. கடலுக்கு நாகக் கட்டி பொருத்தம். ஆனால் நல்ல தண்ணீரில் நாகத்தின் மேல் ஒரு கடினமான படை மூடிக்கொள்ளும், அதன் பின் அது வேலை செய்யாது. பார்ப்பதற்குக் கட்டி முழுதாக இருக்கும், நாமும் நல்லதென்று விட்டுவிடுவோம், அரிப்போ என்ஜினின் உடம்பில் நடக்கும். முற்றிலும் நல்ல தண்ணீரில் நிற்கும் என்ஜினுக்கு மக்னீசியம் கட்டியே சிறந்தது. அதே மக்னீசியத்தைக் கடலுக்குக் கொண்டு போனால் மிக விரைவில் கரைந்து தீர்ந்துவிடும். மாரியில் சவளக்கடையிலும் கோடையில் உப்புக் கலந்த வாவியிலும் ஒரே என்ஜினை ஓட்டுபவர்களுக்கு அலுமினியக் கட்டி நடுவான தெரிவு. எதுவானாலும் கட்டி பாதி கரைந்தவுடன் மாற்ற வேண்டும். அதன் மேல் பெயின்ற் பூசக்கூடாது. பூசினால் கட்டி இருந்தும் இல்லாததுதான்.

இரண்டாவது, படகின் உடம்பு. பைபர் படகின் வெளிப்பூச்சுக்குள் தண்ணீர் மெல்ல மெல்ல ஊறும். உள்ளே போன தண்ணீர் பிசினில் மிஞ்சியிருக்கும் இரசாயனங்களைக் கரைத்து, மேலும் தண்ணீரை உள்ளே இழுக்கும். இறுதியில் அம்மைக் கொப்புளம் போலப் பூச்சு எழும்பும். கடல் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில் இது விரைவாக நடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. உப்பு இல்லாத தண்ணீர் உள்ளே இழுபடுவது எளிது என்பதே காரணம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் நம் கரையோரத்துக்கு அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட பைபர் படகுகள் பலவற்றின் தரம் போதாது என்று ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனமே கவலை தெரிவித்திருந்தது. பழைய படகொன்றைக் கைமாற்றி வாங்குபவர்கள் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தே விலை பேச வேண்டும். நம் படகாக இருந்தால் வேலையில்லாத நாட்களில் தண்ணீரில் விட்டு வைக்காமல் கரைக்கு ஏற்றிக் காய விடுவதே மலிவான மருந்து. பாசியும் அப்போதே சுரண்டலாம். முதலைப் பயமுள்ள தண்ணீரில் இறங்கி நின்று அடியைத் தேய்ப்பது புத்திசாலித்தனமல்ல.

ஆற்றுவாழையும் குளிர்த் தண்ணீரும்

மூன்றாவது நோய்தான் நம் பக்கத்தில் அதிகமான என்ஜின்களைக் கொன்றது. ஆற்றுவாழையும் சல்வீனியாவும். ஆற்றுவாழையை ஒழிப்பதற்கென்று இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. நூறு வருடங்களுக்கு மேலாகியும் மழைக்கு அது திட்டுத் திட்டாக மிதந்து வந்து தாம்போதியை அடைக்கத்தான் செய்கிறது.

அவுட்போர்ட் என்ஜின் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர வைக்கிறது. அடிப்பாகத்திலுள்ள சிறு துவாரங்கள் வழியாகத் தண்ணீர் ஏறும். அதை மேலே தள்ளுவது இம்பெல்லர் என்ற றப்பர்ச் சக்கரம். ஆற்றுவாழை வேர் அந்தத் துவாரத்தை மூடினால் தண்ணீர் ஏறாது. என்ஜின் சூடேறி பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும். பின்பக்கத்தில் ஒரு துவாரத்தால் நூல் போலப் பீச்சும் தண்ணீர்தான் இதற்கு அடையாளம். ஓட்டுபவர் முன்னால் பார்ப்பதுபோல் அதையும் இடைக்கிடை திரும்பிப் பார்க்க வேண்டும். பீச்சுவது மெலிந்தாலோ நின்றாலோ உடனே என்ஜினை நிறுத்தி, தூக்கி, வேரை எடுத்துவிட்டுப் பிறகுதான் இழுக்க வேண்டும். "அக்கரைக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்ற எண்ணம் ஒரு பிஸ்டனின் விலை. சூடேறிய என்ஜினின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. தானாக ஆற விட வேண்டும்.

ஆற்றுவாழைத் திட்டுக்குள் போக வேண்டி வந்தால் வேகத்தைக் குறைத்துச் செல்ல வேண்டும். புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் ரிவர்ஸ் போட்டுச் சிறிது சுழற்றினால் பெரும்பாலும் கழன்றுவிடும். திட்டு பெரிதானால் என்ஜினைத் தூக்கிவிட்டுக் கம்பால் ஊன்றிப் போவதுதான் சரி.

வயல் வழியாக வடிந்து வரும் தண்ணீரில் மண் கரைந்திருக்கும். அந்தச் சேறு இம்பெல்லரின் இறக்கைகளைத் தேய்க்கும், தண்ணீர் ஓடும் குழாய்களிலும் படியும். வாரத்துக்கு ஒரு முறையாவது அரைப் பீப்பாயில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, அடிப்பாகத்தை அதில் அமிழ்த்தி, பத்து நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். கரையில் வைத்துத் தண்ணீரில்லாமல் "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று ஒரு முறையும் இழுக்க வேண்டாம். தண்ணீரில்லாமல் சில விநாடிகள் சுழன்றாலே றப்பர் கருகிவிடும். இம்பெல்லரின் விலை பிஸ்டன் செட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஒவ்வொரு மாரிக்கும் முன்னர் அதை மாற்றிவிடுவது நான் கடைப்பிடிக்கும் வழக்கம்.

பால் தேத்தண்ணி நிறத்து ஒயில்

வெள்ளத் தண்ணீரில் வலைத் துண்டும் நைலோன் நூலும் மிதந்து வரும். நூல் புரொப்பெல்லருக்குப் பின்னால் போய்த் தண்டில் சுற்றினால் ஒயில் சீலை அறுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கியர் பெட்டிக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. கியர் பெட்டியின் அடி ஆணியைக் கொஞ்சம் தளர்த்தினால் ஒயில் கசியும். அது தெளிவாக இருந்தால் நல்லது. பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். சீலை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றுவது ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். புதிய ஒயில் விடும்போது மேல் துவாரத்தால் ஊற்றக்கூடாது. கீழ்த் துவாரத்தால் ஏற்றி, மேல் துவாரத்தால் வழியும் வரை விட வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்று நிற்காது. முதலில் மேல் ஆணியைப் பூட்டிவிட்டுப் பிறகு கீழ் ஆணியைப் பூட்ட வேண்டும். 100 மணித்தியால ஓட்டத்துக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒயில் மாற்றுவது பொதுவான விதி.

தாம்போதிக் கட்டும், வயல் வரம்பும், வேலிக் கட்டையும் வெள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாது. சிறிய என்ஜின்களில் புரொப்பெல்லர் எதிலாவது அடிபட்டால் ஷியர் பின் என்ற மெல்லிய ஆணி முறிந்து கியரைக் காப்பாற்றும். பெரியவற்றில் அந்த வேலையை உள்ளேயுள்ள றப்பர் புஷ் செய்யும். பின் முறிந்தால் இரும்பாணியை வெட்டிப் போடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அடுத்த அடியில் அந்த ஆணி முறியாது, கியர் முறியும். உரிய பின் இரண்டு, கொட்டர் பின், ஒரு பிளக், பிளக் சாவி, குறடு, இழுக்கும் கயிறு ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டுப் படகிலேயே வைத்திருங்கள்.

எண்ணெயில் செய்யும் சிக்கனம்

நம் படகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே அடியாக ஏறியதைப் படகு வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று தேடத் தொடங்கினோம். சிலர் தவறான இடத்தில் பிடிக்கிறார்கள்.

மண்ணெண்ணெய் என்ஜினைப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். கடைசிப் படியைப் பலர் பெற்றோலை மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். காபுரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் காலையில் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. இழுத்து இழுத்துக் கயிறு அறும், பிளக் நனையும், கடை திறக்கும் நேரம் போகும்.

இரண்டாவது தவறான மிச்சம் 2 ஸ்ட்ரோக் ஒயில். முச்சக்கர வண்டிக்கு விற்கும் ஒயில் மலிவென்று அதைக் கலப்பவர்கள் உண்டு. தண்ணீரால் குளிரும் படகு என்ஜினுக்கு டீசீ டபிள்யூ 3 என்ற குறியுள்ள ஒயிலே உரியது. அது எரிந்தபின் சாம்பல் விடாது. பெற்றோலில் ஓடும் 2 ஸ்ட்ரோக் என்ஜினுக்கு 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லி லீற்றர். மண்ணெண்ணெய் என்ஜினுக்கு அளவு வேறு. உங்கள் என்ஜினின் புத்தகத்தில் உள்ளதையே பின்பற்றுங்கள், பக்கத்துப் படகுக்காரரின் அளவை அல்ல.

உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. அடியிலுள்ள பாசியைச் சுரண்டுங்கள், வளைந்த புரொப்பெல்லரைச் சரிசெய்யுங்கள், மழைக் காலத்தில் தாங்கியின் மூடியைச் சரியாக இறுக்கி எண்ணெய்க்குள் தண்ணீர் போகாமல் பாருங்கள். பத்து முறை கடக்க எத்தனை லீற்றர் போகிறது என்று எழுதி வைத்தால், எண்ணிக்கை ஏறும்போது ஏதோ ஒரு நோய் தொடங்கிவிட்டது என்று தெரிந்துவிடும்.

ஓர் இரவு மழையின் பாரம்

18 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள படகின் வாய் ஏறக்குறைய 7 சதுர மீற்றர். அதில் 100 மில்லி மீற்றர் மழை பெய்தால் 700 லீற்றர் தண்ணீர் சேரும். அதாவது 700 கிலோ, 50 கிலோ மூடை பதினான்கு. நம் பகுதியில் மாரியில் ஓர் இரவுக்கு இத்தனை மழை பெய்வது புதினமல்ல. மாலையில் கட்டிய படகு காலையில் பின்பக்கம் அமிழ்ந்து, என்ஜின் தலை வரை தண்ணீருக்குள் நிற்பது இப்படித்தான்.

ஆகவே படகின் மேல் படங்கு கட்டாயம் வேண்டும். படங்கின் நடுவில் தண்ணீர் தேங்காதபடி ஒரு மூங்கிலை உயர்த்தி வைக்க வேண்டும். கட்டும் கயிறு தண்ணீர் ஏறி இறங்க இடம் கொடுக்க வேண்டும். குட்டையாகக் கட்டினால் வெள்ளம் ஏறும்போது படகின் முன்பக்கம் அமிழும். பெருமழை என்று வானிலை அறிவித்தால் என்ஜினைக் கழற்றிக் கரைக்குக் கொண்டு வந்துவிடுவதே நல்லது. முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்பது நமக்குக் கற்றுத் தரப்பட்ட ஒழுங்கு.

அத்தனையும் மீறி என்ஜின் மூழ்கிவிட்டால் நேரம்தான் முக்கியம். தண்ணீரிலிருந்து எடுத்த நிமிடத்திலிருந்து காற்றுப் பட்டு உள்ளே துருப்பிடிக்கத் தொடங்கும். நல்ல தண்ணீரால் கழுவி, பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளேயுள்ள தண்ணீரை வெளியேற்றி, ஒயில் விட்டு, காபுரேட்டரைச் சுத்தம் செய்து, அன்றே ஓட்டிச் சூடாக்க வேண்டும். மெக்கானிக் மறுநாள்தான் வருவார் என்றால் என்ஜினை வெயிலில் காய வைக்காதீர்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தியே வைத்திருங்கள். கேட்பதற்கு வியப்பாக இருக்கும், ஆனால் காற்றில் கிடப்பதைவிட அது பாதுகாப்பானது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கிய என்ஜினை மட்டும் இழுத்துப் பார்க்க வேண்டாம். உள்ளே தண்டு வளைந்திருக்கலாம்.

வாடகை என்ஜின் பழுதானால் யார் பொறுப்பு?

கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கத்து என்ஜின்கள் சில கரையில் சும்மா இருக்கும். அவற்றை மாரிக்கு வாடகைக்கு எடுப்பது இரு பக்கத்துக்கும் நன்மை. ஆனால் சண்டை வருவதும் இங்குதான். எனக்குத் தெரிந்த இருவர், ஒருவர் கடல்தொழில் செய்பவர், மற்றவர் அரிசி வியாபாரி. என்ஜின் இறுகிப்போனது. "உன் ஆள்தான் ஆற்றுவாழைக்குள் ஓட்டினான்" என்றார் ஒருவர். "கொடுக்கும்போதே இம்பெல்லர் தேய்ந்திருந்தது" என்றார் மற்றவர். எழுத்தில் எதுவும் இல்லை. இருபது வருடப் பழக்கம் முறிந்துபோனது.

இஜாரா ஒப்பந்தத்தில் இதற்குத் தெளிவான ஒழுங்கு இருக்கிறது. பொருள் வேலை செய்யும் நிலையில் இருப்பதற்கான அடிப்படைப் பராமரிப்பு உரிமையாளரைச் சேர்ந்தது. எரிபொருள், அன்றாடத் துப்புரவு போன்ற ஓட்டச் செலவுகள் வாடகைக்கு எடுத்தவரைச் சேர்ந்தவை. அவர் கையில் அந்தப் பொருள் அமானத். அவரின் கவனக்குறைவாலோ வரம்பு மீறலாலோ பழுதானால்தான் நட்டஈடு அவர் தலையில் விழும். இதை எழுதி வைத்தால் போதும். கையளிக்கும் நாளில் இருவரும் சேர்ந்து கியர் ஒயிலின் நிறம், தண்ணீர் பீச்சும் அளவு, அனோட், புரொப்பெல்லர் நான்கையும் பார்த்து ஒரு தாளில் குறித்துக் கையெழுத்திடுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளிலும் அதே நான்கையும் பாருங்கள். நுணுக்கமான சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படகைப் பங்காக வாங்கியவர்களும் இதையே செய்யலாம். ஒவ்வொரு நாள் வருமானத்திலும் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று பிரித்து வைத்த பின்னரே இலாபத்தைப் பகிர வேண்டும். பிரித்து எடுத்த பிறகு செலவுக்குக் காசு கேட்டால் பங்காளியின் முகம் மாறும்.

சாமானோடு ஆள் ஏறினால்

சாமான் ஏற்றும் படகில் ஆளும் ஏறுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பரீட்சைக்குப் போகும் பிள்ளை என்று கரையில் நிற்பவர்களை விட்டுவிட்டு வர மனம் வராது. ஆனால் அப்போது நம் கணக்கு மாறிவிடுகிறது. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலரை இழந்தோம். 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. இரண்டும் நம் மாகாணத்தில், இரண்டும் இதே மாரியில். வெள்ளத்தின் நடுவில் என்ஜின் நின்றால் படகை நீரோட்டம்தான் நடத்தும். அப்போது பழுது பார்க்கும் செலவைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள்.

ஆகவே ஆள் ஏறும் படகில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, இரண்டு துடுப்பு, ஒரு நங்கூரம், நீண்ட கயிறு இவை இல்லாமல் புறப்படக்கூடாது. ஓட்டுபவர் நிறுத்தும் சுவிட்சின் கயிற்றைத் தன் கையில் மாட்டியிருக்க வேண்டும். அவர் விழுந்தால் என்ஜினும் நிற்கும். மூடையும் ஆளும் ஒரே பயணத்தில் வேண்டாம். இரவில் வேண்டாம். ஆள் ஏற்றுவதாக இருந்தால் பிரதேச செயலகத்துக்கும் சவளக்கடைப் பொலிஸுக்கும் தெரிவித்து அனுமதியோடு செய்வதே நமக்கும் பாதுகாப்பு.

வெள்ளம் வடிந்த பிறகு

தண்ணீர் வடிந்து வீதி தெரிந்தவுடன் படகை மறந்துவிடுவது நம் இயல்பு. அடுத்த மாரியின் பழுதுகள் அந்த மறதியில்தான் தொடங்குகின்றன. கழற்றும் நாளிலேயே பீப்பாயில் ஓட்டிச் சேற்றைக் கழுவுங்கள். காபுரேட்டரிலுள்ள எண்ணெய் தீரும் வரை ஓட விட்டு நிறுத்துங்கள். பிளக் துவாரத்தால் சிறிது ஒயில் விட்டுக் கயிற்றை இரண்டு மூன்று முறை இழுத்துப் பிளக்கைப் பூட்டுங்கள். கியர் ஒயிலை மாற்றுங்கள், புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டில் சுற்றிய நூலை அகற்றிக் கிறீஸ் பூசுங்கள். என்ஜினைப் படுக்க வைக்காமல் நேராக நிறுத்தி வையுங்கள். படகைக் கவிழ்த்து, தரையில் படாமல் கட்டைகளின் மேல் வையுங்கள்.

இந்த வேலைகளுக்கு ஒரு நாள் கூலியும் சில போத்தல் ஒயிலும்தான் செலவு. புரட்டாதி பிறக்கும்போது மெக்கானிக்கின் கடையில் வரிசையில் நிற்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். உங்கள் கணக்குக் கொப்பியில் இன்றே "என்ஜின் பராமரிப்பு" என்று ஒரு வரி தொடங்குங்கள். அந்த வரியில் எழுதும் சிறு தொகைகள்தான், மழை பெய்யும் நாளில் அக்கரைக்குச் சாமானையும், தேவைப்பட்டால் ஓர் உயிரையும் கொண்டு போய்ச் சேர்க்கும். வல்ல அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத்தையும் நம் பயணங்களில் பாதுகாப்பையும் தருவானாக.